நரி வேட்டையைப் படமெடுப்போரும் படத்தில் சிக்குவோரின் அந்தரங்கமும்: ஒரு விவாதம்

மலைச்சாரல் எழுதியது:

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஒரு சிற்றூரில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நவம்பர் தொடங்கி மார்ச் வரை, சனிக்கிழமைக் காலைகளில், எங்கள் ஊர்ச் சந்தியில் வேட்டைக்குழு ஒன்று கூடும். குதிரைகள், முப்பது நாற்பது வேட்டைநாய்கள், பின்தொடர்ந்து கார்களில் வரும் பார்வையாளர்கள், மட்டக்குதிரைகளில் பள்ளிப் பிள்ளைகள் என்று சந்தி நிறைந்துவிடும். சென்ற மாதம் அப்படிக் கூடியிருந்தபோது, சாலையோரம் நின்ற ஒரு பெண்மணி எல்லாவற்றையும் விடாமல் படமெடுத்தார்; கார்களின் எண்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்தார். பேத்தியின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பக்கத்து வீட்டுக்காரர், அறுபது வயதைக் கடந்த பால்பண்ணைக்காரர், குழந்தையை ஏன் படமெடுக்கிறீர்கள் என்று கேட்டார். பிள்ளைகளின் முகத்தை மறைத்துத்தான் வெளியிடுவோம் என்று அவர் அமைதியாகவே பதில் சொன்னார். நீங்கள் யார், எந்தக் குழு, இந்தப் படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று அடுத்துக் கேட்டபோது, பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்.

பின்னணி தெரியாத வாசகர்களுக்காகச் சில செய்திகள். நாய்களை ஏவிக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் தடைசெய்தது. 2005 பிப்ரவரி 18 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்து 2002இலேயே தனிச் சட்டம் இயற்றி, 2023இல் அதை இன்னும் இறுக்கியது. தடைக்குப் பிறகும் வேட்டைக்குழுக்கள் கலையவில்லை. மணப்பொருளில் தோய்த்த துணியை ஒருவர் முன்கூட்டியே இழுத்துச் செல்ல, அந்தத் தடத்தை நாய்கள் மோப்பம் பிடித்துப் போகும் 'டிரெயில் ஹன்டிங்' என்ற முறைக்கு மாறிவிட்டதாகச் சொல்கின்றன. வழியில் உண்மையான நரி குறுக்கிட்டு நாய்கள் அதைத் துரத்தினால் அது விபத்து என்பது குழுக்களின் வாதம். மணத்தடமே ஒரு சாக்கு என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

வேட்டை கொடியது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் பற்றி இங்கே வாதிட வரவில்லை. சட்டம் மீறப்படுகிறதா என்று பார்க்க வருபவருக்குப் பிறர் முகத்தின்மீது எவ்வளவு உரிமை உண்டு என்பதே என் கேள்வி.

செங்காந்தள் எழுதியது:

நான் மூன்று பருவங்கள் மிட்லாண்ட்ஸ் பகுதியில் வேட்டைக் கண்காணிப்பாளராகச் சென்றிருக்கிறேன். அந்தப் பெண்மணி ஏன் பெயர் சொல்லவில்லை என்பதில் தொடங்குகிறேன். என் பெயர் வெளியே தெரிந்த இரண்டாம் வாரத்தில் என் காரின் நான்கு சக்கரங்களும் கிழிக்கப்பட்டன. யார் செய்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. இதற்கு முன்னால் இதைவிடப் பெரிய இழப்புகளும் நடந்திருக்கின்றன. 1991இல் செஷயரிலும் 1993இல் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் வேட்டையைத் தடுக்கப் போன இரண்டு இளைஞர்கள் வேட்டைக்குழுக்களின் வாகனங்களுக்கு அடியில் சிக்கி இறந்தார்கள். ஒருவருக்கு வயது 18, மற்றவருக்கு 15. பெயரை மறைப்பது கோழைத்தனம் என்று சொல்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு வகை மனிதர்களைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 1963இல் தொடங்கிய வேட்டைத் தடுப்போர் சங்கத்தின் வழியில் வந்த 'சாப்' எனப்படுவோர் வேட்டையில் நேரடியாகக் குறுக்கிடுவார்கள்: கொம்பு ஊதி நாய்களைத் திசை திருப்புவார்கள், நரியின் மணம் மறைய எலுமிச்சை வாசனைத் தைலத்தைத் தெளிப்பார்கள். கண்காணிப்பாளர் குறுக்கிடுவதில்லை. பொதுப்பாதையில் நின்று படமெடுப்பதே அவர் வேலை.

எதைப் படமெடுக்கிறோம், ஏன் விடாமல் எடுக்கிறோம் என்பதையும் சொல்கிறேன். 2009இல் எக்ஸ்மூர் பகுதி வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. நரியைத் தேடுவது மட்டும் 'வேட்டையாடுவது' ஆகாது. சட்டம் சில வகை வேட்டைக்குத் தரும் விலக்கு தனக்குப் பொருந்துகிறது என்று குற்றம்சாட்டப்பட்டவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பொருந்தவில்லை என்பதை அரசுத் தரப்புதான் ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். அதாவது ஓடும் நரியின் படம் மட்டும் இருந்தால் போதாது. நரியும் நாய்களும் அடுத்தடுத்த நொடிகளில் ஒரே திசையில் போக வேண்டும். நாய்களை நடத்துபவர் அதைப் பார்த்திருக்கிறார் என்பது தெரிய வேண்டும். அவர் கொம்பை எப்படி ஊதினார், நாய்களைத் திரும்ப அழைத்தாரா, குரல் கொடுத்து ஊக்கினாரா என்பது காதில் விழ வேண்டும். மணத்தடம் இழுத்தவர் எவராவது அந்தப் பக்கம் போனாரா என்பதும் பதிவாக வேண்டும். நான்கு சக்கர மோட்டார் வண்டியில் மண்வெட்டியும், நரி வளைக்குள் நுழையும் டெரியர் நாயுமாக வருபவர்கள் ஏன் வருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மணத்தடத்தைத் தேடும் நாய்களுக்கு வளை தோண்டுகிறவர் எதற்கு? ஒரு நிமிடம் கேமராவை அணைத்தால், அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர் நாய்களைத் திரும்ப அழைத்தார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்வார். அந்த நபர் நான் இல்லை என்று மறுப்பதும் வழக்கமான வாதம். அதனால்தான் முகம் வேண்டும், வண்டி எண் வேண்டும்.

வரப்போரம் எழுதியது:

நான் டெவன் பகுதியில் கால்நடை மருத்துவர். வேட்டைக்குப் போனதில்லை, போகப் போவதுமில்லை. ஆனால் கண்காணிக்கப்படும் பண்ணைகளுக்குள் நாள்தோறும் போய் வருகிறேன். ஆகவே இந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

இந்த நாட்டில் பொதுப்பாதை பல இடங்களில் பண்ணை முற்றத்தின் நடுவே போகிறது. அந்தப் பாதையில் நடப்பவருக்குச் சமையலறைச் சன்னல் தெரியும், துணி காயப்போட்ட கொடி தெரியும், மகனைப் பள்ளிக்கு ஏற்றும் கார் தெரியும். தன் வயல் வழியாக வேட்டைக்குழு போகலாம் என்று தந்தை காலத்திலிருந்து இசைவு தந்து வரும் ஒரு விவசாயி, குதிரையே ஏறாதவர், சனிக்கிழமைதோறும் அந்நியரின் கேமராவில் பதிவாகிறார். ஒரு குற்றத்தைக் கண்டு, அந்த நேரத்தில் படமெடுத்தால் எவரும் குறை சொல்ல முடியாது. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில், அதே ஐம்பது அறுபது பேரின் முகம், வண்டி எண், வீடு, யாரோடு யார் வந்தார் என்பதையெல்லாம் சேர்த்து வைப்பது வேறொரு செயல். அப்படிச் சேர்வது ஓர் ஊரைப் பற்றிய பேரேடு. அதற்குக் கணக்குக் கேட்க எவருமில்லை.

இதை நான் இட்டுக்கட்டவில்லை. காவல்துறை இதே வேலையைப் போராட்டக்காரர்களிடம் செய்தபோது நீதிமன்றங்கள் என்ன சொல்லின என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்துக்கு வந்துபோன ஆயுத வணிக எதிர்ப்பாளரைப் படமெடுத்து வைத்திருந்தது தவறு என்று 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைதிப் போராட்டங்களில் கலந்துகொண்ட முதியவர் ஒருவரைப் பற்றிய குறிப்புகளைக் காவல்துறை தொடர்ந்து வைத்திருந்தது தனிவாழ்வு உரிமையை மீறியது என்று 2019இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலங்குரிமைக் குழுக்களுக்குள் மாற்றுப் பெயரில் ஊடுருவிய காவலர்களைப் பற்றி 2015இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையத்தில், வேட்டை எதிர்ப்பாளர்களே பாதிக்கப்பட்டவர்களாகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். தங்களைப் பற்றிக் கோப்பு வைத்திருந்ததைக் கொடுமை என்று சரியாகவே சொன்னவர்கள், அடுத்தவரைப் பற்றிக் கோப்பு வைப்பதை எந்த நியாயத்தால் செய்கிறார்கள்?

ஏரிக்கரை எழுதியது:

நான் வழக்குரைஞர் என்பதால் சட்டத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இந்த விவாதத்தில் தனியுரிமை என்ற வாதத்தை முதலில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் வேட்டைக்காரர்கள்தான். வேட்டைத் தடை எங்கள் தனிவாழ்வில் தலையிடுகிறது, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவை மீறுகிறது என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2007இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. திறந்த வெளியில், பகலில், தனிச் சீருடையில், ஊரார் பார்க்கக் கூடும் ஒரு பொதுக் காட்சி எப்படித் தனிவாழ்வு ஆகும் என்பதே அவர்களின் அடிப்படைக் கேள்வி. 2009இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமும், வேட்டை அதன் இயல்பிலேயே ஒரு பொதுச் செயல் என்று சொல்லி முறையீட்டைத் தள்ளிவிட்டது. எனவே, குதிரைமேல் ஏறி நாய்களோடு போகும் ஒருவர் 'அந்த நேரத்தில் என்னைப் படமெடுத்தது என் அந்தரங்கத்தில் தலையிடுவது' என்று வாதாடினால் நிற்பது கடினம்.

ஆனால் கண்காணிப்பாளர்கள் இதைக் கேட்டு முழுதாக மகிழ்ந்துவிட முடியாது. செயல் பொதுவானது என்பதால் அதில் இருக்கும் மனிதரின் ஒவ்வொரு அசைவும் பொதுச் சொத்தாகிவிடாது. பிரென்ட்வுட் நகரத் தெருவில், மனம் உடைந்த நிலையில் கத்தியோடு நின்ற ஒருவர் நகராட்சிக் கேமராவில் பதிவானார். அதைப் பார்த்துக் காவலர்கள் வந்து அவரைக் காப்பாற்றினார்கள். பிறகு நகராட்சி அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தது. 2003இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தவறென்று சொன்னது படமெடுத்ததை அல்ல, அந்தப் படம் போய்ச் சேர்ந்த இடத்தை. நம் விவாதம் நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்: எடுப்பது ஒரு செயல், வைத்திருப்பது இன்னொன்று, வெளியிடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே தராசில் போட்டால் இரு தரப்புக்கும் அநீதி செய்தவர்களாவோம்.

கல்தூண் எழுதியது:

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை யாரும் கேட்கவில்லையே. குற்றத்தைக் கண்டுபிடிப்பது காவல்துறையின் கடமை. அதைத் தனிமனிதர்கள் ஏன் தங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்? உதகையின் வென்லாக் புல்வெளியில் ஆங்கிலேயர் நாய்களை ஏவிக் குள்ளநரிகளைத் துரத்திய காலத்திலும் வேட்டை அவர்களுடைய சொந்த விவகாரமாகவே இருந்தது. இன்றைக்கு இங்கிலாந்தில் அது குற்றம் என்றால், அரசே வந்து பார்க்கட்டும்.

செங்காந்தள் எழுதியது:

நண்பர் கல்தூண் அவர்களுக்கு: அரசு வருவதில்லை என்பதுதான் இந்த விவகாரத்தின் தொடக்கமே. ஒரு வேட்டை நாள் ஐந்தாறு மணி நேரம், பல மைல் பரப்பில், புதரும் ஓடையும் தனியார் வயலுமாக நீளும். ஒரு கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஊர்ப்புறக் காவலர்கள் சிலர், திருட்டுப் போன டிராக்டர்களையும் தேட வேண்டியவர்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் பின்னால் ஓட முடியாது. காவல்துறைத் தலைவர்கள் அவையில் நரி வேட்டைக்குப் பொறுப்பான உயர் அதிகாரியே, சட்டவிரோத வேட்டை இன்னும் பரவலாக நடக்கிறது என்று 2023இல் வெளிப்படையாகச் சொன்னார்.

ஹெய்த்ராப் வேட்டைக்குழு மீதான வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கண்காணிப்பாளர்கள் மணிக்கணக்கில் எடுத்த படங்களை வைத்து, அரசு அல்ல, ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்குநல அறக்கட்டளைதான் வழக்கு நடத்தியது. 2012 டிசம்பரில் குழு குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் வழக்குக்காக அறக்கட்டளை செலவிட்டது சுமார் 3,27,000 பவுண்டு. மலைக்க வைக்கும் தொகை என்று நீதிபதியே கண்டித்தார். குழுவுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 4,000 பவுண்டு. நரியை வேட்டையாடிய குற்றத்தை மெய்ப்பிக்க ஓர் அறக்கட்டளை இவ்வளவு செலவழிக்க வேண்டிய நாட்டில், கேமராவைப் பிடுங்கிவிட்டால் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டுமே மிஞ்சும்.

நெய்தல் எழுதியது:

தகவல் பாதுகாப்புத் துறையில் பணிபுரிகிறேன். வரப்போரம் அவர்கள் கேட்ட 'கணக்குக் கேட்க எவருமில்லை' என்பதில் ஒரு திருத்தம் தேவை.

சொந்த வீட்டுத் தேவைக்காக ஒருவர் எடுக்கும் படத்துக்குத் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் அந்த விலக்கு குறுகியது. வீட்டுக் கேமரா பொதுவழியையும் பார்த்தால் விலக்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம், பக்கத்து வீட்டாரின் பேச்சைத் தொலைவிலிருந்தே பதிவு செய்த கேமராக்களின் உரிமையாளர் சட்டத்தை மீறினார் என்று தீர்ப்பளித்தது. படத்தைவிட ஒலிப்பதிவே அங்கே அளவுக்கு மீறியதாகக் கருதப்பட்டது. சட்டத்தைக் காப்பதற்காகத் திட்டமிட்டு, குழுவாக, முகங்களையும் வண்டி எண்களையும் சேர்க்கிறவர்கள் அந்த வீட்டு விலக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. அவர்கள் அந்தத் தகவலுக்குப் பொறுப்பாளர்கள் ஆகிறார்கள்.

இதனால் படமெடுப்பது சட்டவிரோதம் ஆகாது. குற்றத்தைத் தடுப்பதும் கண்டறிவதும் நியாயமான நோக்கங்கள். பொதுநலன் கருதி வெளியிடும் இதழியல் பணிக்கும் சட்டத்தில் தனி இடம் உண்டு. ஆனால் சில கடமைகள் உடன் வரும். நோக்கத்துக்குத் தேவையான அளவே சேர்க்க வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். என் தகவல் உங்களிடம் இருக்கிறதா என்று எவர் கேட்டாலும் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். வேட்டைச் சட்டக் குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படியிருக்க, எந்தக் குற்றமும் நடக்காத ஒரு சனிக்கிழமையின் பார்வையாளர் முகங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருப்பதற்குக் கண்காணிப்புக் குழுக்களிடம் எந்த நியாயமும் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

பேத்தியைப் பற்றி அந்தத் தாத்தா கேட்டது சிறு கேள்வி அல்ல. குழந்தைகளின் தகவலுக்குச் சட்டம் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. 'முகத்தை மறைத்து வெளியிடுவோம்' என்ற பதில் பாதி மட்டுமே. மறைக்காத மூலப்படம் யாருடைய கணினியில் இருக்கிறது என்பது மீதிப் பாதி.

வரப்போரம் எழுதியது:

நெய்தல் அவர்களுக்கு நன்றி. உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் கடமை இருப்பது வேறு, பெயரே சொல்லாதவரிடம் அந்தக் கடமையைக் கேட்பது வேறு. யாரிடம் கடிதம் எழுதுவது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2021 நவம்பரில் ஒரு வேட்டை நாளில் எடுத்த சில நொடிப் படம் உலகமெங்கும் பரவியது: ஒரு பெண் தன் மட்டக்குதிரையை அடிப்பதும் உதைப்பதும். அதில் நரி இல்லை, நாய் இல்லை, வேட்டைச் சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, வேலை போனது. விலங்குவதை வழக்கு நடந்து, 2023 ஆகஸ்டில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அந்த அடி எனக்கும் பிடிக்கவில்லை. குதிரைகளுக்கு மருத்துவம் பார்ப்பவன் நான். ஆனால் தீர்ப்பு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தண்டனை முடிந்துவிட்டது. அந்தத் தண்டனையைக் கொடுத்தது கேமராவா, இணையக் கூட்டமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மேலும், கண்காணிப்பு ஆபத்தில்லாத வேலை என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2009 மார்ச்சில் வார்விக்ஷயரில், வேட்டையை வானிலிருந்து படமெடுத்த சிறு சுழலி விமானம் எரிபொருள் நிரப்ப இறங்கியபோது, அதை மறித்து நின்ற வேட்டை ஆதரவாளர் ஒருவர் அதன் சுழலும் உந்துவிசிறியில் அடிபட்டு இறந்தார். விமானியை நடுவர் குழு அடுத்த ஆண்டு விடுவித்தது. செங்காந்தள் அவர்கள் சொன்ன இரண்டு இளைஞர்களோடு இந்த மனிதரையும் நினைவில் வைப்போம்.

கல்தூண் எழுதியது:

அப்படியானால் ஒளித்து வைக்கும் கேமராக்கள்? பிறர் நிலத்துக்குள் இரவில் புகுந்து கேமரா பொருத்துகிறார்களே, அதை எந்தச் சட்டம் அனுமதிக்கிறது?

ஏரிக்கரை எழுதியது:

எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. ஆனால் அதை நேரடியாகக் குற்றமாக்கவும் இல்லை. இங்கிலாந்தில் பிறர் நிலத்தில் புகுவது பெரும்பாலும் உரிமையியல் தவறு. நிலக்காரர் வழக்குப் போட்டு இழப்பீடோ தடையாணையோ கேட்கலாம். அங்கே நடக்கும் சட்டபூர்வமான செயலைக் குலைக்கும் நோக்கத்தோடு அத்துமீறினால்தான் 1994ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். காவல்துறை தனியாரிடம் 'எங்களுக்காக மறைந்திருந்து படமெடுங்கள்' என்று சொல்லவும் முடியாது. அப்படிச் சொன்னால் இரகசியக் கண்காணிப்புக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமதி முறைகள் வந்துவிடும். தனியார் தாமாகச் செய்யும்போது அந்தச் சட்டம் அவர்களைத் தொடுவதில்லை. இது ஒரு பெரிய ஓட்டை என்று வேட்டைத் தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது.

அத்துமீறி எடுத்த படம் என்பதற்காக மட்டும் அதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்ற விதியும் இல்லை. வழக்கின் நேர்மை கெடும் என்று கருதினால் நீதிபதி அதை ஒதுக்கலாம். 2016இல் சௌத் ஹெரஃபோர்ட்ஷயர் வேட்டைக்குழுவின் நாய்ப்பட்டியில் மறைத்து வைத்த கேமராவில், நரிக்குட்டிகள் நாய்கள் இருந்த இடத்துக்குக் கொண்டு போகப்பட்டு, பிறகு செத்த உடல்களாக வெளியே எறியப்படுவது பதிவானது. 2019இல் பர்மிங்ஹாம் நீதிமன்றத்தில் குழுவின் முக்கியப் பணியாளருக்கு 16 வாரச் சிறைத்தண்டனை, நிறுத்தி வைக்கப்பட்டு, விதிக்கப்பட்டது. எந்தப் பொதுப்பாதையில் நின்றாலும் அந்தப் பட்டியின் உட்புறம் தெரிந்திருக்காது. இந்த ஒரு வழக்கை நினைக்கும்போது, மறைகேமராவை முழுதாகத் தடைசெய்ய வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு கொடுமை நடக்கிறது என்பதற்கு முன்பே நியாயமான அறிகுறி இருந்து, குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட நாட்களுக்கு வைத்தால் அது ஒன்று. ஏதாவது சிக்குமா என்று எல்லாப் பண்ணையிலும் வலை வீசினால் அது வேறு.

பழைய வழக்கு ஒன்றும் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது. 1900இல் வில்ட்ஷயரில், பந்தயக் குதிரைகளின் பயிற்சியை உளவு பார்க்க வந்தவர், நிலத்துக்குள் காலே வைக்காமல், அதன் குறுக்கே போகும் பொதுச்சாலையில் சுமார் 15 கஜ நீளத்தில் ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். சாலை போய்வருவதற்காக, நின்று உளவு பார்ப்பதற்காக அல்ல என்று சொல்லி, அவர் அத்துமீறியவர் என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. நூறாண்டு கழித்து, 1999இல், பொதுச்சாலையில் பிறருக்கு இடையூறின்றி நியாயமான எதையும் செய்யலாம் என்று பிரபுக்கள் அவையின் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். ஆக, பாதையோரம் நின்று படமெடுக்கும் பெண்மணியின் நிலை அன்றைவிட இன்று பலமானது. ஆனால் 2023இல் உச்ச நீதிமன்றம், லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூட மாடத்திலிருந்து எதிர்க் குடியிருப்புகளை நாள்தோறும் மக்கள் உற்றுப் பார்ப்பதும் படமெடுப்பதும் சட்டப்படி தொல்லைதான் என்று தீர்ப்பளித்தது. பண்ணை வீட்டின் சமையலறைச் சன்னலை நோக்கி வாரந்தோறும் கேமரா திரும்பினால் எந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவார்கள் என்று கண்காணிப்பாளர்கள் இப்போதே யோசிப்பது நல்லது.

செங்காந்தள் எழுதியது:

ஏரிக்கரை அவர்கள் பிரித்த மூன்றில் முதலாவதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்றாவதில் எங்கள் தரப்பு தவறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வழக்குக்கு அனுப்ப வேண்டிய படத்தை அன்று இரவே இணையத்தில் போட்டு, கீழே 'இவர் யாரென்று தெரியுமா' என்று எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை அதைப் பகிர்ந்தும் இருக்கிறேன். அப்படி அடையாளம் கேட்கப்பட்டவர் குழுவில் புதிதாகச் சேர்ந்த, வாயிற்கதவைத் திறந்துவிடுபவர் மட்டுமே என்று பிறகு தெரிந்தது. அந்த மனிதரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனாலும் எதையுமே வெளியிடாதீர்கள் என்று சொல்வதை ஏற்க முடியாது. 2020 ஆகஸ்டில் வேட்டைக்குழுக்களின் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் நடத்தியது. அவை தனிப்பட்ட கூட்டங்கள்தான். மணத்தடம் இழுப்பதை எப்படிக் கண்ணில் படும்படி செய்ய வேண்டும் என்று அங்கே பேசப்பட்ட பதிவு வெளியானது. பேசிய இயக்குநருக்கு 2021இல் கீழ் நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2022 ஜூலையில் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பை மதிக்கிறேன், அவரைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிவு வெளிவந்ததால்தான் அரசின் காட்டுத்துறை அமைப்பும், இயற்கையையும் மரபிடங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டும் தங்கள் நிலங்களில் அனுமதியை நிறுத்தி வைத்தன. 2021 நவம்பரில் நேஷனல் டிரஸ்ட் நிரந்தரமாக மூடியது. 2024 தேர்தலில் தொழிற்கட்சி டிரெயில் ஹன்டிங்கைத் தடைசெய்வதாக வாக்குறுதி தந்ததும் இந்த வரிசையில்தான். ஓர் அமைப்பின் தலைமை நூற்றுக்கணக்கானோருக்குச் சொல்லும் அறிவுரை ஒருவரின் வீட்டு அந்தரங்கம் ஆகாது. வாயிற்கதவு திறப்பவரின் முகமும் அதுவும் ஒன்றல்ல என்று இப்போது எனக்குத் தெரிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை.

வரப்போரம் அவர்கள் கேட்ட 'யாரிடம் கடிதம் எழுதுவது' என்பதற்கு ஒரு வழி உண்டு. களத்தில் நிற்பவர் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம். ஆனால் குழுவின் பெயரும் ஒரு முகவரியும் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கேட்பவரிடம் கொடுக்கலாம். எங்கள் குழுவில் நான் இதைச் சொன்னபோது, எதிரிக்கு வசதி செய்து தருகிறாய் என்றார்கள். இன்றும் அதையே சொல்வேன்.

வரப்போரம் எழுதியது:

அந்த அட்டை மட்டும் இருந்திருந்தால் நான் இந்த இழையில் பாதிதான் எழுதியிருப்பேன்.

மலைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நெய்தல் அவர்கள் சொன்னதைக் கொண்டு, எங்கள் பகுதியில் படமெடுக்கும் குழு எது என்று இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். அவர்கள் பக்கத்தில் தொடர்பு முகவரி இருந்தது. நேற்று மாலை பண்ணைக்காரர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இருவருமாகக் கடிதம் எழுதினோம்: குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட இடத்தில், தன்னையும் தன் பேத்தியையும் பதிவு செய்த படம் இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது, எதற்காக, எப்போது அழிக்கப்படும் என்று நான்கு வரிகள். அவர் தன் மகளிடமும் படித்துக் காட்டி அனுமதி வாங்கினார்.

கையெழுத்துப் போட்ட பிறகு பேனாவைக் கீழே வைக்காமல் சற்று நேரம் இருந்தார். பிறகு, அன்று மதியம் தன் கீழ்வயலில் நரி ஒன்று வேலியோரம் ஓடியதையும், நாய்கள் அதே தடத்தில் பின்னால் வந்ததையும், கொம்பு ஊதியவர் அதைப் பார்த்துக்கொண்டே குதிரையில் வந்ததையும் சொன்னார். மணத்துணி இழுத்தவர் எவரையும் அன்று காலை முதல் அந்தப் பக்கம் தான் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அந்தப் பெண்மணி நின்ற சாலையிலிருந்து கீழ்வயல் தெரியாது. இடையில் புதர்க்காடு இருக்கிறது. "இதையும் எழுத வேண்டுமா?" என்று கேட்டார். இந்தக் கடிதத்தில் வேண்டாம், எழுதுவதானால் அது காவல்துறைக்குப் போக வேண்டிய வேறு கடிதம் என்றேன். அந்தக் குழுவில் அவருடைய தம்பி மகனும் குதிரை ஓட்டுகிறான்.

இரண்டாவது தாளை எடுத்து மேசையில் வைத்தார். இன்று காலை பால் கறக்கும் நேரத்தில் அவரைப் பார்த்தேன். அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது என்றார். குற்றம் நடந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. நெய்தல் அவர்கள் சொன்ன ஆறு மாதக் கெடுவை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.